மக்கு என்று சொல்லும் முன்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன் பண்ணி, "ஏதாவது அறிவியல் விஷயமாப் பேசுப்பா, ஆனா சீக்கிரம் முடிச்சிடு, சாப்பாடு ஆறிப்போகும்" என்றார். மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் விஷயம் கேட்டால் என்ன வரும்? விஷம்தான் வரும். அதைப் பற்றியே பேசுகிறேன்.

எங்கள் 1973-76 செட்டில் இருந்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு வகுப்பு மறந்திருக்காது. ஈய உப்புக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு வரும். சூடாக்கினால் மறைந்துவிடும். ஆறவிட்டால் தங்கத் தூளைத் தூவியதுபோல் மினுமினுவென்று இறங்கும். 'தங்க மழை' என்று சொல்லி ரசிப்போம். பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சினோம். கையைக் கழுவாமலே கான்டீனுக்கு ஓடி வடை தின்றோம். யாரும் நம்மைத் தடுக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

இந்த ஈயத்தைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம் வீடுகளில் 'ஈயம் பூசுவது' என்பது வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். கனமானது, மெத்தென்றது, எளிதில் உருகுவது. பாட்டரிக்குள் இருப்பது. ஒரு காலத்தில் அச்சு எழுத்துக்குள் இருந்தது.

அச்சு எழுத்து என்றதும் என் வீட்டுக் கதைக்கு வந்துவிடுகிறேன். நம்மில் சிலருக்குத் தெரியும், என் அப்பா ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். அந்த நாளில் நம் கல்லூரி ஆண்டு மலர் அங்கேதான் அச்சானது. அதனால் உங்கள் கவிதைகளையெல்லாம் உங்கள் காதலிகளுக்கு முன்னாலேயே படித்தவன் நான்! அப்பா ஒரு கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கேஸில் இருந்து எழுத்து எழுத்தாக எடுத்துக் கோப்பார். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த எழுத்துகள். சாயங்காலம் விரல் நுனி கறுத்திருக்கும். அந்தக் கையால்தான் டீயும் பன்னும்.

அவர் அச்சகத்தில் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. என் தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். தேய்ந்துபோன எழுத்துகளைக் குழந்தைக்கு விளையாட என்று அப்பா சட்டைப் பையில் போட்டு எடுத்து வருவார். பொம்மை வாங்கக் காசு கிடையாது. ஆசை மட்டும் நிறைய. தம்பி அவற்றைக் கையில் வைத்து உருட்டுவான், வாயில் போட்டுச் சப்புவான். அம்மா வேலைக்குப் போகும் நாளில் அச்சகத்திலேயே, கேஸுக்குக் கீழே, அந்தத் தூசிக்குள்ளேயே தூங்கி எழுவான்.

பிறகு அவன் பள்ளிக்கூடம் போனான். ஒரு வாக்கியம் சொன்னால் பாதிதான் நிற்கும். இரண்டு நிமிஷம் உட்கார மாட்டான். வாத்தியார் "மக்கு" என்றார். அப்பா "மக்கு" என்றார். நானும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணன் கல்லூரியில் முதல் மாணவன், தம்பி மக்கு. "ஒரே வயிற்றில் பிறந்ததுதானா?" என்று ஊரே கேட்டது.

இதை அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஞ்ஞானியைப் பற்றி. அவர் பெயர் ஹெர்பர்ட் நீடில்மன். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1927இல் பிறந்தவர். குழந்தை மருத்துவர், பிறகு மனநல மருத்துவமும் கற்றவர். 1957இல், அவர் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடுமையான ஈய நஞ்சு. பழைய வீட்டுச் சுவரில் உதிரும் பெயின்டில் இருந்து வந்தது. உடம்பிலிருந்து ஈயத்தை வெளியே இழுக்கும் மருந்தைக் கொடுத்தார், குழந்தை தேறிவிட்டது. தாயிடம், "இனி அந்த வீட்டில் இருக்காதீர்கள்" என்று சொன்னார். அந்தத் தாய் கேட்டது இதுதான்: வேறெங்கே போவது? எங்களால் வாடகை கொடுக்க முடிகிற எந்த வீடும் இப்படித்தானே இருக்கும்?

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மருந்து கொடுத்துவிட்டால் வைத்தியம் முடிந்துவிடவில்லை என்று அவருக்குப் புரிந்தது.

அந்தக் காலத்து மருத்துவப் புத்தகக் கணக்கு எளிது. ஈயம் ஏறினால் வலிப்பு வரும், மயக்கம் வரும், குழந்தை சாகும். பிழைத்தால் சரியாகிவிடும். ஆனால் 1943லேயே பாஸ்டனில் ராண்டால்ஃப் பயர்ஸ், எலிசபெத் லார்டு என்ற இருவர், ஈய நஞ்சிலிருந்து 'குணமாகி' வீடு திரும்பிய 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்திருந்தார்கள். அவர்களில் 19 பேர் பள்ளியில் தேறவில்லை. வெளியில் குணம், உள்ளே சேதம்.

நீடில்மன் அதற்கும் ஒரு படி மேலே போனார். ஆஸ்பத்திரிக்கே வராத குழந்தைகள், வாந்தியோ வலிப்போ இல்லாதவர்கள், 'நல்லாத்தானே இருக்கான்' என்று நாம் சொல்லும் குழந்தைகள், அவர்கள் மூளையில் என்ன நடக்கிறது?

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கொஞ்சம் சிறுநீரில் போகும், மிச்சம் எலும்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ஏழு வயதுப் பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்தால், இரண்டு வயதில் அவன் எவ்வளவு தின்றான் என்று தெரியாது. எலும்பை வெட்டிப் பார்க்க முடியுமா?

முடியாது. ஆனால் குழந்தைகள் தாங்களாகவே கழற்றிக் கொடுக்கும் எலும்பு மாதிரியான ஒரு பொருள் உண்டு. பால் பல்!

ஈயம் கால்சியம் போல வேஷம் போடும் உலோகம். உடம்பு ஏமாந்து அதைப் பல்லுக்குள் சேர்த்துவிடும். சிறு வயதில் சேர்ந்தது பல்லின் தந்தினியில் அப்படியே பதிவாகிவிடும். 1972இல் ஃபிலடெல்ஃபியாப் பிள்ளைகளின் பால் பற்களைச் சோதித்து, நகரத்தின் நெரிசலான பகுதிப் பிள்ளைகளின் பல்லில் புறநகர்ப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஈயம் இருப்பதைக் காட்டினார்.

அடுத்தது 1979இல் வெளிவந்த பெரிய ஆய்வு. பாஸ்டனுக்குப் பக்கத்தில் செல்ஸி, சாமர்வில் என்ற இரண்டு ஊர்கள். முதல் இரண்டு வகுப்புகளில் படித்த 3,329 பிள்ளைகளிடம் விழுந்த பல்லைக் கேட்டார்கள். 2,335 பேர் கொடுத்தார்கள். அதிக ஈயம் உள்ளவர்களில் 58 பேர், குறைந்த ஈயம் உள்ளவர்களில் 100 பேர் என்று எடுத்துக்கொண்டு பல சோதனைகள் வைத்தார்கள். சோதிப்பவருக்கு எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியாது. தாயின் படிப்பு, தந்தையின் தொழில், பெற்றோரின் அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டார்கள். ஏனென்றால், 'ஏழை வீட்டுப் பிள்ளை, அதனால் படிக்கவில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாமே!

அதையெல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் ஏறக்குறைய 4 புள்ளி குறைவு. காதால் கேட்ட சொல்லைப் பிடித்துவைப்பதில் குறைவு, கவனம் நிற்பதில் குறைவு. பிள்ளைகளின் ஈய அளவு தெரியாத ஆசிரியர்களிடம் தனியாகக் கேட்டபோது, பல்லில் ஈயம் கூடக்கூட, "கவனம் சிதறுகிறான், சொன்னதைத் தொடர்ந்து செய்வதில்லை" என்ற புகாரும் படிப்படியாகக் கூடியிருந்தது.

இதை நான் முதன்முதலில் படித்தது 1980களில், எங்கள் துறை நூலகத்தில். "சொன்னதைத் தொடர்ந்து செய்வதில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

"நாலு புள்ளிதானே சார், பரவாயில்லையே" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒருவனுக்குப் பரவாயில்லை. ஊருக்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேரில், சராசரி 100 இருக்கும்போது 70க்குக் கீழே சுமார் 2,300 பேர், 130க்கு மேலே சுமார் 2,300 பேர். சராசரி வெறும் 5 புள்ளி இறங்கட்டும். கீழே இருப்பவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள். ஒரு ஊரின் தலைவிதியே மாறுகிற கணக்கு அது.

மூளைக்குள் என்ன செய்கிறது இந்த ஈயம்? சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால், கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அதுதான் மணி அடிக்கும் ஆள். ஈயம் அந்த வாசலை அடைத்துக்கொள்கிறது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்க விடாது. உள்ளே புகுந்துவிட்டால், அடிக்கக் கூடாத நேரத்தில் அடிக்கும். கற்றலுக்கும் நினைவுக்கும் தேவையான ஓர் ஏற்பியையும் முடக்கும். சின்ன வயதில் மூளை கோடிக்கணக்கான இணைப்புகளைப் போட்டு, பயன்படுவதை வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டிவிடுகிறது. தப்பான மணி அடித்தால் தப்பான இணைப்பு நிலைத்துவிடும். பிறகு ரத்தத்திலிருந்து ஈயத்தை எடுத்தாலும் கட்டிமுடித்த வீட்டை மாற்ற முடியாது.

இன்னொன்று. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தைகள் பாதி அளவு வரை உறிஞ்சிவிடுவார்கள். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தை இன்னும் அதிகம். ஏழு வயதில் எழுத்துகளோடு விளையாடிய எனக்கும், ஒரு வயதில் அவற்றைச் சப்பிய தம்பிக்கும் உள்ள வித்தியாசம் இதுவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன்.

நீடில்மன் அதே பிள்ளைகளில் 132 பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்து, 1990இல் முடிவை வெளியிட்டார். முதல் சோதனை முடிந்து 11 வருஷம் கழித்துப் பார்த்தது அது. பல்லில் அதிக ஈயம் இருந்தவர்கள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு ஏழு மடங்கு. வாசிக்கத் திணறும் வாய்ப்பு ஆறு மடங்கு.

இதைச் சொன்ன மனிதரைச் சும்மா விடுவார்களா? ஈயத்தில் பெரும் பணம் இருந்தது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி, என்ஜின் 'நாக்' செய்யாமலிருக்கப் பெட்ரோலில் டெட்ரா எதில் லெட் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தார். 1924இல் நியூ ஜெர்சியில் பேவே என்ற இடத்தில், அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் செத்தார்கள். பத்திரிகைகள் 'பைத்தியக்கார வாயு' என்று எழுதின. அப்படியும் ஐம்பது வருஷம் உலகம் முழுக்க அந்தப் பெட்ரோல்தான் ஓடியது.

நீடில்மன்மீது 1991இல் ஆய்வு மோசடி என்று புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்த இருவரும், ஈயத் தொழில் சார்பில் ஒரு வழக்கில் சாட்சிகளாக அமர்த்தப்பட்டவர்கள். விசாரணை மூடிய கதவுக்குள் நடக்கவிருந்தது. "கதவைத் திறந்து வையுங்கள், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்" என்ற நிலையை அவர் எடுத்தார், நீதிமன்றம் வரை போனார். 1992இல் வெளிப்படையாக விசாரணை நடந்தது. மோசடி இல்லை என்று முடிவானது. சில பிழைகள் இருந்தன, அவற்றைத் திருத்திப் போட்டும் முடிவு மாறவில்லை. ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் தம்பி, தங்கைகள் இதை மனதில் வையுங்கள். கணக்கு நோட்டைத் திறந்து காட்டத் தயாராக இருப்பவன்தான் விஞ்ஞானி.

பலன் என்ன? அமெரிக்காவில் 1970களிலிருந்து பெட்ரோலில் ஈயத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1978இல் வீட்டுப் பெயின்டில் தடை வந்தது. 1996 முதல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் கிடையாது. மக்களின் ரத்தத்தில் சராசரி ஈயம், ஒரு டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக 1976-80இல் இருந்தது, 1988-91இல் 2.8 ஆனது. 1960களில் 60 வரை 'கவலையில்லை' என்ற இடத்தில், அளவுகோல் 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று இறங்கியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை என்பதுதான் இன்றைய நிலை. நீடில்மன் 2017இல் காலமானார். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியதைப் பார்க்க அவர் இல்லை.

நம் நாட்டில் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் முழுவதுமாக நின்றது. அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் சராசரி 11.4 மைக்ரோகிராம். அங்கேயும் ஈயம் கூடியவர்களிடம் கவனக்குறைவும் படபடப்பும் கூடுதலாக இருந்தன. ஒரு மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்த்தால், அந்த ஈயத்தின் எடை ஓரிரண்டு உப்புத் துகள் அளவுதான்! யுனிசெஃப் 2020இல் சொன்ன மதிப்பீட்டின்படி, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது? பழைய பாட்டரியை உடைத்து உருக்கும் கொட்டகைகளிலிருந்து. பழைய எனாமல் பெயின்டிலிருந்து. பெயின்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னலும் கதவும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. பளிச்சென்ற நிறத்துக்காக மஞ்சள் பொடியில் கலக்கும் லெட் குரோமேட்டிலிருந்தும் வரலாம். நாம் கொண்டாடும் ஈயச்சொம்பு ரசம் வெள்ளீயச் சொம்பில் வைத்தது. விலை மலிவு என்று காரீயம் கலந்த சொம்பை வாங்கிப் புளிக்கரைசலைக் கொதிக்க வைத்தால், ரசத்தோடு அதுவும் இறங்கும்.

செய்யக்கூடியதும் கையில் இருக்கிறது. பழைய பெயின்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள், ஈரம் செய்து எடுங்கள், குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பாட்டரி, சாலிடரிங், பெயின்ட் வேலை பார்ப்பவர்கள் கை கால் கழுவி, சட்டை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். கீரை, கேழ்வரகு, பால் கொடுங்கள். இரும்பும் கால்சியமும் வயிற்றில் இருந்தால் ஈயத்துக்கு இடம் குறையும். சந்தேகமிருந்தால் ரத்தத்தைச் சோதியுங்கள். இங்கே ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். கவனம் நிற்காத பிள்ளையைப் பார்த்தால், அவன் வீடு எங்கே இருக்கிறது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள்.

கடைசியாக என் தம்பி. அவன் இன்று மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி அவன் கையால் ஓடுகிறது. இரண்டு வருஷம் முன்பு ஒருநாள் இந்த ஆராய்ச்சி பற்றி அவனிடம் உட்கார்ந்து சொன்னேன். முழுவதும் கேட்டான். பிறகு, "அப்போ நான் மக்கு இல்லையா, அண்ணா?" என்றான். அறுபது வயது மனிதன் கேட்ட கேள்வி.

அவன் மூளையில் ஈயம் செய்தது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. நீடில்மன் கணக்கு ஆயிரம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும், ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாது. அவன் பால் பல் இருந்திருந்தால், என் ஆய்வுக்கூடக் கருவியில் போட்டு, எவ்வளவு ஈயம் ஏறியிருந்தது என்பதையாவது பார்த்திருப்பேன். ஆனால் நாம் பல்லை என்ன செய்வோம்? சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிந்துவிடுவோம். நான்தான் எறிந்தேன். அண்ணன் எறிந்தால் உயரமாகப் போகும் என்று அவனே என் கையில் கொடுத்தான்.

அப்பாவையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கொண்டுவந்தது எழுத்து. விஷம் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நீ மக்கு இல்லடா. ஈயம் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த வார்த்தையை நாங்க சொல்லியிருக்கக் கூடாது." அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரப் போய்விட்டான்.

சாப்பாடு ஆறுகிறது.